தண்ணீரில் தெரிந்த இரண்டாவது அறை

லிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்குக் கட்டடம் என்பது ஒரு கிணறு. சுற்றி நாலு சுவர், உச்சியில் மெஷின், அடியில் குழி, நடுவே தொங்குகிற ஒரு பெட்டி. அந்தக் கிணற்றைச் சுற்றி யாரோ வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குக் காதில் விழுந்த சங்கதி மாதிரிதான். இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் கிடக்கும் ஒருவனுக்குக் கம்பெனியில் 'பாதாளம்' என்று பேர் விழுந்துவிட்டது. எப்போது போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும், "குழிக்குள்ள இருக்கேன், அப்புறம் கூப்பிடு" என்பான். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். வாரத்தில் ஐந்து நாள் அவளுக்குக் கோபம் வரும்.

வயது நாற்பத்தொன்பது. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் ஒன்று புரியவில்லை என்றால் விடமாட்டான். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனான். அங்கே லிஃப்டில் ஏதோ ஒரு கிறீச் சத்தம். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே நாலு தடவை மேலும் கீழும் போய் வந்தான். சத்தம் பிடிபட்டது. அதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது. படுத்திருந்தவர் இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

அவனுக்கு ஒரு அக்கா. ஐந்து வயது மூத்தவள். ஆற்றங்கரையில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள். முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவள். அதில் இரண்டு முட்டியும் தேய்ந்து போயின. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். படிக்கட்டு ஆகவே ஆகாது. அதே அக்கா தினம் சாயங்காலம் சைக்கிளை லிஃப்டுக்குள் தள்ளி, முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டு கீழே இறங்கி, ஆற்றங்கரைப் பாதையில் ஆறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு வருவாள். நடக்காத கால் எப்படி மிதிக்கிறது என்று பாதாளம் மண்டையைக் குடைந்துகொண்டான். டாக்டரிடமே கேட்டான். உடம்பு பாரத்தை சீட் வாங்கிக்கொள்கிறது, முட்டிக்குச் சுமை இல்லை என்றார் அவர். லிஃப்டில் பெட்டியின் பாரத்தை எதிர் எடை வாங்கிக்கொள்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் அவனுக்கு நிம்மதி.

"முப்பது வருஷம் மிதிச்சேன், ஒரு அடி நகரல. இப்ப மிதிச்சா ஊரே நகருது" என்று அக்கா எல்லாரிடமும் சொல்வாள்.

வினை வந்தது பாதாளத்தின் கையாலேயே. அக்கா இருக்கும் கட்டடத்து லிஃப்டைப் பதினொரு வருஷமாக அவன்தான் பராமரிக்கிறான். ரோப் நைந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். மெஷினுக்கு வயதாகிவிட்டது, ஒரு வருஷத்துக்குள் லிஃப்டையே மாற்ற வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தான். கம்பெனி அதை எடுத்துக்கொண்டு போய்க் கட்டடச் சங்கத்தோடு பேசி முடித்தது. லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டினார்கள். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தப் போகிறோம், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பத்து வாரம் லிஃப்ட் ஓடாது.

அன்றைக்கே அக்காவிடமிருந்து போன்.

"நீதானே எழுதிக் குடுத்தே?"

"ஆமாக்கா. ரோப் நைஞ்சிருந்துச்சு."

"ரோப் நைஞ்சா ரோப்பை மாத்து. அக்காவை ஏன்டா ஏழாவது மாடியில பூட்டி வைக்கறே?"

"பத்து வாரம்தானேக்கா. என் வீட்டுல வந்து இரு."

"உன் வீட்டுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

பாதாளம் யோசித்தான். "டயர் குடோன்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து சேரு. நீ எதைப் பூட்டப் போறேன்னு கண்ணால பாத்துட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனான். சீட் உயரம் பத்தவில்லை. முட்டி மார்பில் இடித்தது.

அந்தப் பாதையில் அவன் அதற்கு முன்னால் காலை வைத்ததில்லை. கருங்கல் பாவிய கரை, இடுப்பளவுக் கம்பி வேலி, அந்தப் பக்கம் ஆறு. அக்காவுக்கு எல்லாம் அத்துப்படி. தினமும் தூண்டில் போட்டு ஒரு மீன்கூடப் பிடிக்காத ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவரைக் கடக்கும்போது அக்கா, "என்ன, மீனுக்கு இன்னைக்கும் லீவா?" என்றாள். அவர் கையை ஆட்டினார். பாதி முங்கிய படகு ஒன்று. அதன் விளிம்பில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. கண்ணாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் வெயில் பட்டுத் தெறித்து, ஆற்று நடுவில் இன்னொரு சூரியன் மிதந்தது.

"அந்தக் காக்கா எல்லாம் ஏன் ஒரே பக்கமாப் பாத்து உக்காந்திருக்கு? சொல்லு பாக்கலாம்" என்றாள்.

பாதாளம் பார்த்தான். காற்று வருகிற திசையைப் பார்த்தான். "எதிர்க்காத்துக்கு. பின்னால காத்தடிச்சா இறக்கையைப் பிரட்டிடும்."

"நானும் ஒரு மாசம் பாத்துதான் கண்டுபிடிச்சேன். உனக்கு மூளை இருக்குடா. குழிக்குள்ளயே போட்டு வச்சிட்டே."

அவனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் கண் சொன்னபடி கேட்கவில்லை. அக்கா தண்ணீரைக் காட்டினால் அது கட்டடங்களின் உச்சிக்குப் போயிற்று. மொட்டை மாடியில் சிறு அறையாகத் தலை தூக்கி நிற்கிறதே, அதுதான் மெஷின் ரூம். அதை வைத்து எந்தக் கட்டடத்தில் எத்தனை லிஃப்ட் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அதில் ரெண்டு, இதில் மூணு, அது நின்று போய் ஒரு வருஷம். உள்ளே குனிந்து நிமிர்ந்த கட்டடங்களே பல, வெளியிலிருந்து பார்த்தால் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஊருக்குள்ள எல்லாரும் முகத்தைப் பாப்பாங்க, நீ தலையில பேன் பாக்கறே" என்றாள் அக்கா.

நடைபாலத்தில் ஏறி எதிர்க்கரைக்குப் போனார்கள். அங்கே ஒரு பெஞ்சு. அக்கா அதன் பக்கத்தில் காலை ஊன்றி நிற்பது வழக்கம். நேர் எதிரே அவளுடைய கட்டடம். ஏழாவது மாடியில் இடமிருந்து மூன்றாவது ஜன்னல், பச்சைத் திரை, அவளே தைத்தது.

காற்று நின்றிருந்தது. ஆறு தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. கட்டடம் முழுசாகத் தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பாதாளத்துக்குக் கீழே பார்த்துத்தான் பழக்கம். பத்து மாடி ஆழத்துக்கு எட்டிப் பார்த்தான். அடியிலே மெஷின் ரூம் தெரிந்தது. அதை ஒட்டி இன்னொன்று தெரிந்தது.

நிமிர்ந்து நிஜக் கட்டடத்தைப் பார்த்தான். அங்கேயும் இரண்டு. ஒரே உயரம், ஒரே அகலம். இரண்டிலும் ஆற்றைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல். தண்ணீர்த் தொட்டி தனியாக அந்தக் கோடியில் இருந்தது.

"அக்கா, உங்க கட்டடத்துல எத்தனை லிஃப்ட்?"

"என்னடா கேள்வி. ஒண்ணு. அதையும்தான் கழட்டப் போறே."

"அப்ப அது என்ன?"

"எது? ஏதாவது சாமான் ரூமா இருக்கும். தண்ணியப் பாருடா."

"தண்ணியிலதாங்க்கா பாக்கறேன்."

பதினொரு வருஷம் அந்தக் கட்டடத்து உச்சியில் வேலை செய்தவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கலாம். மெஷின் ரூமுக்கு மாடிப்படி முடிகிற இடத்திலேயே கதவு. மொட்டை மாடிக்குப் போகிற கதவு வேறு. துணி காயப்போடுவதில் குடித்தனக்காரர்களுக்குள் சண்டை வந்து, அதைச் சங்கம் எப்போதோ பூட்டிவிட்டது. உள்ளே அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவானே, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கிறீச் சத்தத்துக்கு நாலு தடவை மேலும் கீழும் போனவன், ஒரு சுவரைச் சுவர் என்று நம்பிவிட்டான். திரும்புகிற வழியெல்லாம் அவனுக்கு ஒரே நினைப்பு. அது இரண்டாவது கிணறாக இருந்தால், புதியதை அதற்குள் பொருத்தலாம். பழையதை அதுவரை நிறுத்த வேண்டாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரைத் தட்டினான். அங்கே ஒரு மாடம் மாதிரி உள்வாங்கியிருக்கும். குடித்தனக்காரர்கள் பழைய செருப்பு, பேப்பர் கட்டு எல்லாம் அதில் போட்டு வைப்பார்கள். சுவர் மத்தளம் மாதிரிப் பேசியது. எட்டாவது மாடியில் தட்டினான், அங்கேயும் அதே சத்தம்.

மொட்டை மாடிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருந்தது. அவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தாமல் விடமாட்டார். அதனால் கட்டடத்தில் அவரை 'முத்திரை' என்பார்கள், அவர் இல்லாதபோது. கீழ்த் தளத்தில் லிஃப்டை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன ஆபீஸ். நாலுக்கு நாலு நடை. ஜன்னல் கிடையாது. மேசை, நாற்காலி, சுவர் முழுக்க ஃபைல், தலைக்கு மேலே பிளைவுட் கூரை.

"மொட்டை மாடியில உனக்கென்ன வேலை?"

"மெஷின் ரூம் பக்கத்துல இன்னொரு ரூம் இருக்கு சார். பாக்கணும்."

"அது டேங்க் ரூம்."

"டேங்க் அந்தக் கோடியில இருக்கு சார்."

"அப்ப அது பழைய டேங்க் ரூம்" என்றார். பேரேட்டில் எழுதி, ஸ்டாம்ப் குத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

அறைக் கதவின் பூட்டு துருவேறி உறைந்திருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, கெஞ்சித் திறந்தான். உள்ளே மெஷின் இல்லை. தரையில் ரோப் இறங்குவதற்கான ஓட்டைகள் இருந்தன, மேலே பலகை போட்டு. பலகையை நகர்த்தி டார்ச் அடித்தான். இருட்டு கீழே கீழே என்று போய்க்கொண்டே இருந்தது. மேலே ஒரு சட்டத்திலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் அந்த இருட்டுக்குள் நேராக இறங்கின. பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. லிஃப்ட் பொருத்த வருகிறவன் முதலில் செய்கிற வேலை, உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு நேர் பார்ப்பது. யாரோ ஒருத்தன் வந்து, நேர் பார்த்து, கம்பியைக் கட்டி, அப்படியே போயிருக்கிறான். கட்டடத்துக்கு வயது முப்பத்திரண்டு. அத்தனை வருஷமும் அந்தக் குண்டு அசையாமல் தொங்கியிருக்கிறது. யார் அவன், ஏன் போனான், சாப்பிடப் போனவன் திரும்பவில்லையா? பாதாளம் கம்பியை விரலால் சுண்டினான். கிர்ர் என்று சன்னமாக ஒரு சத்தம் கீழே ஓடியது.

ஆழம் பார்க்கத் தோன்றியது. கதவே வைக்காத கிணற்றில் யார் இருக்கப் போகிறார்கள்? பாக்கெட்டில் இருந்த ஒரு நட்டை எடுத்து ஓட்டை வழியாக விட்டான். சிமெண்டில் விழுந்தால் 'ணங்' என்று வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தான்.

'டொப்' என்று வந்தது. சிமெண்ட் இல்லை, மரம்.

அதற்கு அடுத்து, கிணற்றின் அடியிலிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது. "யாருய்யா அது?"

பாதாளம் டார்ச்சை அணைத்துவிட்டான். இருபத்தாறு வருஷத்தில் எந்தக் கிணறும் அவனிடம் பதில் பேசியதில்லை. போன் அடித்தது. செயலாளர்.

"மெக்கானிக், என் ஆபீஸ் கூரையில என்னமோ விழுந்துச்சு. நீ எங்க இருக்கே?"

"மொட்டை மாடியில சார்."

"அப்ப நீ இல்ல."

பாதாளம் ஒரு நிமிஷம் யோசித்தான். "நான்தான் சார்" என்றான். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"டீதான் சிந்திருச்சு. மொட்டை மாடியில இருந்து என் தலையில எப்படிய்யா விழும்?"

"அதைத்தான் சார் வந்து சொல்றேன்."

ஏணி போட்டு பிளைவுட்டில் ஒரு பலகையைத் தள்ளி இருவரும் எட்டிப் பார்த்தார்கள். தலைக்கு மேலே பத்து மாடி வெறும் இருட்டு. பிளைவுட்டுக்கு மேலே அரை ஆள் உயரத்தில் இரண்டு தூக்குக்குண்டுகள், ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்குக் குறையாது, செயலாளரின் நாற்காலிக்கு நேர் மேலே.

"பதினாறு வருஷமா இதுக்குக் கீழயா உக்காந்திருந்தேன்" என்றார். நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். அப்புறம் பேரேட்டை எடுத்தார், என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடினார்.

பாதாளம் அன்றே கம்பெனி இன்ஜினியரை இழுத்துக்கொண்டு வந்தான். அவர் அளந்தார், கயிறு விட்டுப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஆகும் என்றார். பழைய லிஃப்டுக்கு ரோப்பை மாற்றிவிட்டால் ஆறு மாதம் தைரியமாக ஓடும். அதற்குள் புதியது இந்தக் கிணற்றில் ஏறிவிடும். ஒருநாள்கூட லிஃப்ட் நிற்க வேண்டாம். ஒவ்வொரு மாடியிலும் அந்த மாடத்துச் சுவரை உடைக்க வேண்டும். கீழே அந்த ஆபீஸைக் காலி பண்ண வேண்டும்.

"முடியாது" என்றார் செயலாளர்.

காரணம் கேட்டதற்கு ஃபைல்கள் என்றார், விதி என்றார், புழுதி என்றார். முதல் தேதிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. அக்கா ஒருதரம் பேசிப் பார்த்தாள். அவளிடமும் விதியைப் படித்துக் காட்டினார். அன்று சாயங்காலம் அவள் வழக்கமாகப் போகிற சுற்றை இரண்டு தடவை போய்விட்டு வந்தாள். "சேத்து வச்சுக்கறேன்" என்றாள். பாதாளத்துக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் ஆபீஸ் கதவருகில் நின்று நேராகவே கேட்டான். "சார், ஜன்னல்கூட இல்லாத ரூம். இதுல அப்படி என்ன சார் இருக்கு?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுல மகன், மருமக, பேரப்பசங்க, டி.வி. எனக்குன்னு ஒரு நாற்காலி கிடையாது மெக்கானிக். உக்காந்தா 'கொஞ்சம் எழுந்திருங்க, பெருக்கணும்'பாங்க. இங்க யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டாங்க."

பாதாளம் இதை எதிர்பார்க்கவில்லை. புழுதிக்கும் விதிக்கும் பதில் யோசித்து வைத்திருந்தான். ரோப் மாற்றுகிற வேலையை முடித்துவிட்டு, அதே நினைப்பாக அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தான்.

"அந்த மேல் ரூமுல புது மெஷினை வைப்பீங்களா?" என்று அக்கா சும்மா கேட்டாள்.

"இல்லக்கா. புது மாடலுக்கு மெஷின் ரூமே வேண்டாம். மோட்டார் சின்னது, கிணத்து உச்சியில சுவரோட உக்காந்துக்கும்."

"அப்ப அந்த ரூம்?"

"சும்மாதான் கிடக்கும்."

சொல்லி முடித்ததும் அவனே எழுந்து நின்றுவிட்டான்.

செயலாளரைக் கூப்பிடப் போனபோது அக்கா, "வாயால சொல்லாதே, ஸ்டாம்ப் குத்தி ஓரமா வச்சிருவாரு. கூட்டிட்டு வா" என்றாள். நாற்பது வருஷமாகச் சைக்கிள் தொடாதவர் அவர். ஆனால் தபால்காரராக ஆரம்பித்தவர். எட்டு வருஷம் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதித்த கால். வாட்ச்மேன் இந்தத் தடவை இரண்டு சைக்கிள் இரவல் பிடித்துக் கொடுத்தார். முதல் நூறு அடி செயலாளரின் ஹேண்டில் பாம்பு மாதிரி நெளிந்தது. அப்புறம் அக்காவையே முந்தினார்.

"மெதுவா போங்க சார், தந்தி ஒண்ணும் இல்ல" என்று அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"இது என்ன கட்டடம்? இங்க மரக்கடையில்ல இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே போனார். தூண்டில்காரரிடம் நின்று, எத்தனை கிடைத்தது என்று விசாரித்தார். முங்கிய படகு யாருடையது, எப்போது முங்கியது, எடுக்கச் சொல்லி யாருக்கும் மனுக் கொடுக்கவில்லையா என்றார். அக்காவுக்கே பதில் தெரியாத கேள்விகள்.

எதிர்க்கரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் தன் கட்டடத்தை வெகுநேரம் பார்த்தார். அதை அங்கிருந்து அவர் பார்த்ததே இல்லை.

"என் ஆபீஸ் எங்க?"

"இங்கேருந்து தெரியாது சார். அதுக்குத்தான் ஜன்னல் இல்லையே. மேல பாருங்க. ரெண்டு ரூம் இருக்குல்ல, அதுல வலது பக்கம். அது காலி. புது லிஃப்டுக்கு அது வேண்டாம். பத்தாவது மாடி வரைக்கும் லிஃப்ட், அங்கேருந்து பத்துப் பன்னெண்டு படி."

"அந்த ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?"

"இந்தப் பக்கம்தான் சார். தண்ணியப் பாத்து."

ஒரு நீர்க்காகம் முங்கியது. அது எங்கே எழுகிறது என்று மூன்று பேருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் காட்டிய இடத்தில் எழவில்லை, அக்கா காட்டிய இடத்தில் எழுந்தது.

"மழைக்கு ஒழுகுமா?" என்றார் கடைசியில்.

"ஒழுகும் சார். அடைச்சுத் தரேன்."

"அந்தக் குண்டு ரெண்டையும் முதல்ல கழட்டு."

முதல் தேதி லிஃப்ட் நிற்கவில்லை. புது ரோப்பில் பழைய பெட்டி ஓடியது. ஏழாவது மாடியில் மாடத்துச் சுவரை உடைத்த அன்று, புழுதி அடங்கியதும் அக்கா முக்காடு போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பாதாளம் டார்ச் அடித்துக் காட்டினான். நாலாவது மாடி வரைக்கும் சுவரில், பெட்டி ஓடும் தண்டவாளத்துக்கான இரும்புத் தாங்கிகள் பதிந்திருந்தன. அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

"நாலு மாடி வேலை பண்ணிட்டு ஏன்டா விட்டான்?"

"தெரியலக்கா. கம்பெனியில பழைய ஆளுங்க எல்லாரையும் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியல. ஒருத்தர் பாக்கி இருக்காரு, அவரையும் கேக்கணும்."

"கேட்டுச் சொல்லு" என்றாள். "எனக்குத் தெரிஞ்சாகணும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழைய லிஃப்டுக்குள் போனாள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. பாதாளம் உடைத்த சுவரின் வழியே புதுக் கிணற்றுக்குள் தலையை நீட்டி, பக்கத்துக் கிணற்றில் பெட்டி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு, ஐந்து, நாலு. எங்கேயும் ஒரு கிறீச் இல்லை. கீழே கதவு திறந்தது. சைக்கிள் மணி ஒருதரம் அடித்தது, வாட்ச்மேனை வழிவிடச் சொல்லி.